பதினொரு தாள்கள்

அம்மா தாளை மேசையில் நீவிப் பிடித்தார். நான் கைப்பேசியால் படம் எடுத்தேன். அவருடைய கணிதப் பரீட்சை விடைத்தாளின் பிரதி. மொத்தம் பதினொரு தாள்கள். ஏழாவதில் அவருடைய பெருவிரலும் விழுந்துவிட்டது.

"விரல் தெரியுது பிள்ளை. திருப்பி எடு."

"கணக்குத் தெரியுதுதானே. அது காணும்."

ஓகஸ்ட் மாதம், வியாழக்கிழமை, பின்னேரம். நோர்வேயில், ரொம்மனில் எங்கள் வீட்டுச் சமையலறை. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில், பேருந்துத் தரிப்பிடத்தில் அம்மா விழுந்தார். மாரடைப்பு. வயது ஐம்பத்து நான்கு.

பெயர் உதயகுமாரி. எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தொரு ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். தாதியர் கல்லூரி மாணவர்கள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை நோகாமல் புரட்டுவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுப்பவர் அம்மா. படிப்பு முடிந்ததும் அவர்களே தாதியராகத் திரும்பி வந்து அம்மாவுக்கு வேலை சொல்வார்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி பாணி மருந்தை அளந்துகொண்டு வந்தாள். கைப்பேசியில் கணக்குப் போட்டிருந்தாள். அம்மா குவளையைப் பார்த்தார். பத்து மடங்கு. கையைப் பிடித்து நிறுத்தினார். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "நானும் தாதியாகப் போறன்."

அம்மா யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் எடுத்துச் சித்தியடைந்தவர். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். கல்வி அலுவலகத்தில் அதைப் பார்த்தவர் உறையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. போதாது என்றார். இந்த நாட்டு உயர்நிலைப் பள்ளியின் கட்டாயப் பாடங்கள் ஆறையும் எடுக்க வேண்டும்.

நோர்வேஜிய மொழி, ஆங்கிலம், வரலாறு, சமூகக் கல்வி, விஞ்ஞானம் ஐந்தையும் வேலை முடிந்த பிறகு படித்து முடித்தார். நான்கு ஆண்டுகள் எடுத்தது. கணிதத்தைக் கடைசிக்கு வைத்தார். அது தெரிந்த பாடம், கோடைப் பள்ளியில் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். அதற்காக வருட விடுமுறை முழுவதையும் கொடுத்தார்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அம்மா மட்டும் இரவல் பாடப்புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் உறை போட்டுக்கொண்டு போனார். ஆசிரியர் சிகுர்ட் உள்ளே வந்தால் எழுந்து நின்றார். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். சிகுர்டுக்கு இருபத்தாறு வயது, என்னைவிட மூன்று வயது குறைவு.

"பெயர் சொல்லிக் கூப்பிடட்டாம். எனக்கு வாய் வருகுதில்லை. லேரர் எண்டுதான் கூப்பிடுறன்."

"ஆசிரியரே எண்டு இஞ்சை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை அம்மா."

"நான் கூப்பிடுறன்தானே."

பரீட்சையில் ஒரு கேள்வி, வரைபைக் கணினி நிரலில் வரைந்து அதன் உச்சப் புள்ளியைக் காணச் சொன்னது. அந்த நிரலை அம்மாவின் மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தவள் நான். அவருக்கு அதைப் பாவிக்கத் தெரியும். பாவிக்கவில்லை. அந்தப் பாடத்திலேயே இல்லாத, தான் உயர்தரத்தில் படித்த வகையீட்டைக் கையால் செய்து, வரைபுத்தாளில் பென்சிலால் வளைகோட்டை வரைந்து, புள்ளியைக் குறித்தார். அப்படியே இன்னும் நான்கு கேள்விகள். ஐந்து விடைகளும் சரி. ஐந்துக்கும் புள்ளி இல்லை.

முடிவு வந்தது. ஆறுக்கு இரண்டு. சித்திதான். ஆனால் அம்மா விண்ணப்பிக்க இருந்த கல்லூரிக்கு மூன்று வேண்டும்.

"ஏன் அம்மா நிரலிலை செய்யேல்லை?"

"பொத்தானை அமத்தினா விடை வருது. பிறகு நான் என்னத்தைச் செய்தன்? வழி காட்டாமல் விடை எழுதுறது களவெல்லே?"

நான் பாலங்களின் சுமையைக் கணக்கிடுபவள். எங்கள் அலுவலகத்தில் நிரல் தந்த விடையைக் கையால் சரிபார்க்காமல் ஒருவரும் ஒப்பமிடுவதில்லை. எங்களிடம் அதற்குப் பெயர் பொறுப்பு. அம்மாவுக்கு அது புள்ளிக் குறைப்பு.

கேள்வியில் விதி எழுதியிருந்தது, உண்மை. அதை மீறினார், அதுவும் உண்மை. ஆனால் வகையிடத் தெரிந்த ஒருவரைக் கணிதம் போதாது என்று திருப்பி அனுப்புவது மடத்தனம். நான் இதற்கு வேறு சொல் தேடப்போவதில்லை.

அந்த வியாழக்கிழமை படங்களை இணையப் படிவத்தில் ஏற்றி, புள்ளிக்கு எதிரான முறைப்பாட்டை எழுதி முடித்தேன். அம்மா தன் வங்கி அடையாளத்தால் மின்னொப்பம் இட வேண்டும். ஒரு நிமிட வேலை. கடைசி நாள் புதன்.

"லேரரிட்டைச் சொல்லாமல் போடமாட்டன்."

"அவர் திருத்தவே இல்லை அம்மா. திருத்தினது வேறை ஆக்கள்."

"எண்டாலும் அவரின்ரை வகுப்பு. முகத்துக்கு நேரை சொல்லாமல் முதுகுக்குப் பின்னாலை முறைப்பாடு குடுக்கிறதோ? அவர் லீவிலை. திங்கள் வருவார். போய்ச் சொல்லிப்போட்டு ஒப்பம் வைக்கிறன்."

அப்பா தேநீரோடு வந்தார். "இந்த வயசிலையும் உமக்கு வாத்தியெண்டா நடுக்கம்."

"நடுக்கமில்லை, மரியாதை. உங்களுக்கு எங்கை விளங்கும்? நீங்கள் வகுப்புக்குப் போனால்தானே."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடிக்கணினியை அடித்து மூடினேன். "உங்கடை மரியாதையாலைதான் எல்லாம் பிந்துது" என்றேன். அம்மா கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பெண் அனுதாபம் தெரிவித்தார். பிறகு, முறைப்பாட்டு உரிமை பரீட்சார்த்திக்கு மட்டுமே உரியது, ஒப்பமிடாத படிவம் வந்துசேராத படிவம் என்றார். மகள் ஒப்பமிட முடியாது.

"இனி அந்தப் புள்ளியை மாற்றி என்ன பயன்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"விடை சரி" என்றேன். "அது பதிவில் பிழை என்று கிடக்கிறது."

படிவத்தில் பதினொரு படங்களும் அப்படியே இருக்கின்றன. ஏழாவதில் அம்மாவின் பெருவிரல்.

சிகுர்டுக்குக் கொடுக்கவென்று வெள்ளிக்கிழமை அம்மா பயற்றம்பணியாரம் சுட்டு, பேணியில் போட்டு மூடி வைத்திருந்தார். மூடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: "திங்கள் 10 மணி. லேரரிட்டைச் சொல்ல வேணும்."

திங்கள் பத்து மணிக்கு நானும் அப்பாவும் அம்மாவுக்குக் கடைசியாக உடுத்திவிடும் சேலையைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தோம். சிகுர்டிடம் ஒருவரும் போகவில்லை.