நாலு விரல் இடைவெளி

கள்ளிக்குப்பம் வீட்டைக் காலி செய்த அன்று வந்த மினி லாரி ஓட்டுநரின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான மனிதர். வலது கையில் மட்டும் மணிக்கட்டு வரை டயர்க் கரி. ஒவ்வொரு சாமான் ஏறியதும் குனிந்து, பின்சக்கரத்துக்கும் மேல்தட்டுக்கும் நடுவே அந்தக் கையை விட்டுப் பார்ப்பார். நாலு விரல் நுழையாவிட்டால் பாரம் அதிகமாம்.

"முக்கா டன்னுதான் சார் தாங்கும். ஆளுங்க வெயிட்டும் அதுல சேர்த்தி. ஊட்ல எத்தினி பேரு வர்றீங்கோ?"

"நான் மட்டும்தான்."

ஒரு கட்டில், ஒரு பீரோ, நான்கு பெட்டிகள். அவர் கயிற்றை இறுக்கினார்.

புது வீடு இருந்த மாங்காடு வரை வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. ரோடு மோசம் என்றேன்.

"ரோடு இல்ல சார், லோடு பத்தல. பாரம் இருந்தா வண்டி குந்திகினு போவும். காலி வண்டிதான் குதிக்கும்."

எல்லாவற்றையும் இறக்கிய பிறகு, பழக்கத்தில் மறுபடி குனிந்து கையை விட்டார்.

"ஏத்துனப்பவும் இம்மாந்தான் இருந்துச்சு சார்" என்றவர், சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

தெருமுனை வரை அந்த வண்டி குதித்துக்கொண்டே போனது. தினமும் இப்படிக் காலியாகத் திரும்பும்போது உடம்பு வலிக்காதா என்று அவரைக் கேட்டிருக்கலாம்.