நீல லோரியின் இடப்பக்கக் கதவு

செபாஸ்டியன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு லோரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முகமூடியைக் கழற்றாமலேயே எடுத்துப் பேசினேன். மறுமுனையில் அவர் மகள் ரீத்தா. "அங்கிள், நீங்க சொல்றது ஒண்ணும் கேக்கலை. அப்பா போயிட்டாரு அங்கிள்" என்றாள். அப்போதுதான் முகமூடியை இழுத்துக் கழற்றினேன். அந்த முகமூடியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் அன்று என் தோளைத் தட்டி, "கூடப் பொறந்தவரு மாதிரி பாத்துக்கிட்டீங்க" என்றீர்கள். கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். இனியும் அப்படி நிற்க முடியவில்லை.

அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர் என்பதும், தேவாலயப் பாடகர் குழுவில் எல்லோரையும் அமுக்கிவிடும் குரல் அவருடையது என்பதும் உங்களுக்குத் தெரியும். பட்டறையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கிள்ளானில் பதினேழு வருடம் நாங்கள் கூட்டாகப் பட்டறை நடத்தினோம். பழைய லோரிகளின் துருவை எடுப்பது அவர் வேலை. பெயின்ட் அடிப்பதும், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் என் வேலை. சுத்தியலால் தட்டிப் பார்த்தே எங்கே இரும்பு இருக்கிறது, எங்கே ஓட்டையை அடைத்த வெறும் புட்டிப் பசை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். துரு விஷயத்தில் அவரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. "பெயின்டுங்கறது சட்டை லா. சீழ் வச்ச புண்ணு மேல சட்டை போட்டா ஆறிடுமா?" என்பார்.

சென்ற ஆண்டு, செலாயாங் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் காதர் பாய் தன் நீல லோரியைக் கொண்டுவந்தார். பெருநாளுக்குள் புதுசு மாதிரி ஆக வேண்டும், புட்டியைப் பூசி மேலே அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். செபா அண்ணன் வண்டிக்குள் ஏறி, ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார். அது தகரத்தைப் பொத்துக்கொண்டு கீழே போனது. "பாய், உங்க கால் இங்கதான் இருக்குது. பிரேக் மிதிக்கிறப்ப இது போச்சுன்னா பெருநாள் யாருக்கு?" என்றார். பாய் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் அந்த லோரியோடு மல்லுக்கட்டினார். கிரைண்டர் போட்டால் பழைய பெயின்டும் துருவும் செம்புழுதியாகக் கிளம்பும். மூக்கை மறைத்து ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டியிருப்பார். சாயங்காலம் அது செங்கல் நிறத்தில் இருக்கும். எங்களிடம் இருந்த நல்ல முகமூடி ஒன்றே ஒன்று, அது என்னுடையது. பெயின்ட் அடிப்பவனுக்குத்தான் முகமூடி என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். பெயின்ட் நாறும், அதனால் அது விஷம். துரு நாறாது, அது வெறும் தூசி. இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். "உங்களுக்கு எதுக்குண்ணே முகமூடி? இரும்புச் சத்துதானே, உடம்புக்கு நல்லது" என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். அவரும் சிரித்திருக்கிறார். கடையில் முகமூடிகள் வரிசையாகத் தொங்கும். இன்னொன்றை எடுக்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. துரு எடுத்த இரும்பை வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. தொட்ட இடம் பெயின்டுக்கு அடியில் மறுபடி துருப்பிடிக்கும். யாராவது தொட்டுவிட்டால், "போச்சு போ, தின்னர் போட்டுத் துடை" என்று கத்துவார். அந்த லோரியின் இடப்பக்கக் கதவைத் தேய்த்து முடித்து நிமிர்ந்த நாளில் அவருக்கு மூச்சு வரவில்லை. கையுறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறுங்கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலை செய்யும்போது முகமூடி போடுவீர்களா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "எப்பவும் போட்டுக்கிட்டுத்தான் டாக்டர் செய்வேன்" என்றார் அண்ணன். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லேன்னா அவரு அடுத்து உன்னைத்தான் பாத்திருப்பாரு. விடு லா மணியம்" என்றார். அன்று அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நான் பட்டறைக்குத் திரும்பியபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிள்ளான் ஈரத்தில் வெறும் இரும்பை அப்படியே விட்டால் விடிவதற்குள் சிவந்துவிடும். அவசர அவசரமாகக் கதவுக்குப் பிரைமர் அடித்தேன். தின்னர் போட்டுத் துடைக்க மறந்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்துப் பாய் வந்தார். கதவில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஐந்து விரல், ஒரு உள்ளங்கை. யாருடைய கை என்று நான் சொன்னதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"தின்னர் போட்டியா?"

"இல்லண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப சுரண்டிப் போடு. என் கைன்னு பாத்துக்கிட்டு நிக்காத. துரு அது, உள்ள போயிரும்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினார். நான் மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் போயிருந்தேன். கதவைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். நாங்கள் பேசியதில் அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் பாய் மறுபடி லோரியோடு வந்தார். "அப்படியே இருக்கட்டுமே மணியம், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். எனக்கும் ஆசைதான். அந்தக் கைமேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அவருடையது பெரிய கை. பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்தேன். விரல் விரலாகப் போனது. கட்டைவிரலுக்கு அடியில் துரு ஆழமாக இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். அவர் சொன்னது சரி. தின்னர் போட்டு இரண்டு தடவை துடைத்தேன்.

இப்போது அந்தக் கையும் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, டாக்டரிடம் எனக்காக அவர் சொன்ன பொய் ஒன்றுதான். அதன் மேல் நான் இனியும் பெயின்ட் அடிக்க மாட்டேன். ரீத்தா, உன் அப்பா முகமூடி போட்டிருக்கவில்லை. பட்டறையில் இருந்த ஒரே முகமூடியை நான் போட்டிருந்தேன்.