சூரியகாந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெருவில் ஓர் அவசரக் கூட்டம். சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் விலா வலிக்கிறது. விஷயம் என்னவோ சிரிக்கிற விஷயம் இல்லை... நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் என்றைக்கு வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. அதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். அட்மின், எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் சார். பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரர். இங்கே வந்து பத்து வருஷம் ஆகியும் ‘ங்க’ போடாமல் அவருக்குப் பேச்சு வராது. திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யாராவது ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் போதும் – சாமான் வந்து இறங்குவதற்கு முன்பே அவர்கள் நம்பரை வாங்கி குரூப்பில் சேர்த்துவிடுவார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை!

இந்த முறையும் அப்படித்தான். ரிட்டயர் ஆன ஜெயமேரி டீச்சர், தன் வீட்டுப் பின்போர்ஷனை வாடகைக்கு விட்டார். “புதுசா குடி வாராங்க சார். பிடிங்க நம்பர!” என்றார். சார் யார், என்ன என்று கேட்கவில்லை. சேர்த்தார். ஒரு வணக்கம் ஸ்டிக்கர் போட்டார். மறந்துவிட்டார்.

புதன்கிழமைதான் அவர் காதுக்கு விஷயம் வந்தது. வரப்போவது இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு குடும்பம். முகாமில் பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அது முடியும் வரை முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு வெளியில் தங்க வருகிறார்கள். சங்கதி அவ்வளவுதான்.

அவ்வளவோடு விடுவோமா நாங்கள்?

காலையில் ஒரு குடும்பமாக இருந்தது, மதியத்துக்குள் பத்துக் குடும்பம் ஆனது. சாயங்காலம் டீச்சர் வீட்டையே முகாமாக மாற்றப் போகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். டீச்சரின் எதிர் வீட்டு வேலுச்சாமி அண்ணன் வாய்ஸ் மெசேஜில் மூச்சு வாங்கினார்: “இவங்க வந்தா தெருவே கெட்டுப் போகும், பாத்துக்கங்க! இனிமே கதவுக்கு ரெண்டு பூட்டாப் போடுங்கப்பா!”

இந்தக் களேபரத்துக்கு நடுவில் யாரோ ஒருவர் உருப்படியாகக் கேட்டார்: “மொத்தம் எத்தன பேரு வாராங்களாம்?”

உடனே பதில் வந்தது: “நாலு பேரு. புருஷன், பொண்டாட்டி, ஒரு பையன், அந்தப் பொண்ணோட அம்மா.” சேவ் பண்ணாத ஒரு நம்பர். போட்டோவில் ஒரு சூரியகாந்திப் பூ. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி.

“வேல வெட்டி ஏதும் உண்டா?”

“அவரு பெயின்ட் வேல. அந்தப் பொண்ணு வீட்டுல துணி தைக்கிது.”

“போலீஸுக்குத் தெரியுமா?”

“தெரியும். எல்லாம் பதிஞ்சுட்டுத்தான் வாராங்க.”

என்ன ஒரு தெளிவு! செயலாளர் சார் உருகிப் போனார். “இப்படி விவரமாப் பேசோணுங்க. சும்மா கத்துனா ஆச்சுங்களா?” என்று எழுதினார். அதற்கப்புறம் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் சூரியகாந்தியிடம்தான். சூரியகாந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெயரே வந்துவிட்டது.

ஆனால் அது யார்? மூலை வீட்டு நர்ஸ் என்று நான் நினைத்தேன். பேங்க்காரர் மனைவி என்று என் கணவர் சத்தியம் செய்தார். நேராகக் கேட்டுவிடலாம்தான்... இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்துகொண்டு நம்பரை சேவ் பண்ணவில்லை என்று தெரிந்துவிடாதா? எல்லோருக்கும் அதே கூச்சம்.

வெள்ளிக்கிழமை சண்டை உச்சத்துக்குப் போனது. “இவங்களையும் சேத்தா நம்ம தண்ணிக்கு எங்கிட்டுப் போறது?” என்று வேலுச்சாமி அண்ணன் பொங்கிக்கொண்டிருந்தார். அப்போது சூரியகாந்தியிடமிருந்து ஒரு மெசேஜ்: “டீச்சர் வீட்டுக் குழாயில தண்ணி வருது. எல்லாரும் வெரசாப் பிடிச்சுக்கங்க.”

சண்டையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவே குடத்தோடு ஓடியது. அந்த மெசேஜுக்கு முதல் கட்டைவிரல் போட்டது யார்? வேலுச்சாமி அண்ணன்! குடம் நிறைந்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். டீச்சர் வீட்டுக் குழாயடியில் இந்தச் சூரியகாந்திக்கு என்ன வேலை என்று எங்களில் ஒரு மகராசிக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் டீச்சருக்குத் தெரியாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். “ஞாயித்துக்கெழம கூட்டத்துல வேண்டாம்னு முடிவாச்சுன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துருங்க” என்று மட்டும் செயலாளர் சார் சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சார் வீட்டு மொட்டை மாடி. ‘குடியிருப்போர் அனைவரும் தவறாமல் வரவும், டீ, பஜ்ஜி உண்டு’ என்று குரூப்பில் அறிவிப்பு. நான் போனபோது சுங்குடிச் சேலை கட்டிய ஓர் இளம்பெண் சுறுசுறுப்பாகப் பிளாஸ்டிக் சேர் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை டீச்சர் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவள்தான்; டீச்சருக்குச் சொந்தக்காரப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். “பாத்தீங்களா, இந்த ஒத்துமைதானுங்க நமக்கு வேணும்” என்று சார் அவளைக் காட்டியே எங்களுக்கு உபதேசம் செய்தார்.

பிறகு தொண்டையைச் செருமினார். “நமக்கு யாரு மேலயும் விரோதம் இல்லீங்க. ஆனா வெளியூருக்காரங்க பாருங்க... நம்ம பழக்கவழக்கம் தெரியாதுங்க. நம்ம குரூப்புல ஒருத்தர் எல்லா விவரமும் வெச்சிருக்காங்க. அவங்களே எந்திரிச்சுச் சொல்லட்டுமுங்க. அந்தச் சூரியகாந்திப் பூ யாருங்க?”

சேர் போட்ட பெண் எழுந்தாள். “நாந்தான் சார். பேரு சுகந்தி. டீச்சர் வீட்டுக்கு வரப்போறது நாங்கதான்.”

கடித்த பஜ்ஜி கடித்தபடி நின்றது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. அடடா, வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கே! அவரவர் போனில் அவரவர் போட்ட மெசேஜை அழித்துக்கொண்டிருந்தார்கள். குரூப் முழுக்க ‘நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது’ என்று வரிசை கட்டி நின்றது.

வேலுச்சாமி அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். “தங்கச்சி, இந்த வாய்ஸ எப்பிடித் தூக்குறது?”

“அது புதன்கிழமை போட்டதுண்ணே. ரெண்டு மூணு நாளு தாண்டிருச்சு, இனி போகாது.”

“அய்யய்யோ!”

“அழிக்க வேணாம்ணே” என்றாள் சுகந்தி. “நான் கேட்டுட்டேன். எங்க அம்மாவும் கேட்டுருச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கும் சிரிப்பு போய்விட்டது. நிஜமாகவே அவமானமாக இருந்தது.

ஜெயமேரி டீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. “இது என்னய்யா எழவெடுத்த குரூப்பு? அந்தப் புள்ள காதுபடவே இம்புட்டும் பேசிருக்கீங்க. நேர்ல வந்து அதுகிட்ட ஒருத்தராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?”

யார் கேட்டோம்? ஒருவரைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்போம். அந்த ஒருவரிடம் மட்டும் கேட்க மாட்டோம்.

“வெளியூருன்னு சொன்னீங்க சார்” என்றாள் சுகந்தி. “நான் பொறந்ததே நம்ம பெரியாஸ்பத்திரியிலதான். படிச்சதும் இங்கிட்டுத்தான். நீங்க எந்த ஊரு சார்?”

“நானுங்களா... நெய்க்காரப்பட்டிங்க.”

மாடியே அதிர்ந்தது. சாரும் சேர்ந்து சிரித்துவிட்டார், பாவம், வேறு என்ன செய்வார்?

சிரிப்பு அடங்கும் வரை சுகந்தி காத்திருந்தாள். “இந்த வாரம் பூரா நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்ல சார். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். நாளைக்கு அங்கன எங்க வீட்ட இடிக்கிறாங்க. வண்டிக்காரரு போன் மேல போன் போடுறாரு. இங்க சாமான எறக்கலாமா, வேணாமா?”

சார் எங்களைப் பார்த்தார், நாங்கள் பஜ்ஜியைப் பார்த்தோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வேலுச்சாமி அண்ணனின் மனைவி பஞ்சவர்ணம் அக்கா. “எறக்குத்தா! இந்தா இருக்காருல்ல, ரெண்டு பூட்டுப் போடச் சொன்ன மகராசன்... இவரு வந்து கட்டிலு, பீரோ அம்புட்டையும் தூக்கித் தருவாரு.”

“ஏய், எனக்கு இடுப்பு வலி...”

“வாய்ஸ் போடையில வலிக்கலையோ?”

கூட்டம் அத்தோடு முடிந்தது. தீர்மானம், கைதூக்கல் ஒன்றும் கிடையாது. சார் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு நேரே சுகந்தியின் அம்மாவிடம் போய், “சூடா இருக்குதுங்க, எடுத்துக்கோங்க” என்றார். “ஓம் தம்பி” என்று இலங்கைத் தமிழில் ஆமாம் சொல்லி அந்த அம்மா ஒன்று எடுத்துக்கொண்டார். மறுநாள் பீரோவின் ஒரு முனையில் வேலுச்சாமி அண்ணன் முக்கி முனகியதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் பார்த்ததோடு நிற்கவில்லை, போட்டோவும் எடுத்தேன்.

இப்போது எங்கள் தெரு குரூப்பில் மகா ஒழுக்கம். காலை வணக்கம், தண்ணீர், கரன்ட் கட் – இதைத் தவிர ஒரு சொல் கிடையாது. வம்பு பேசாமல் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்கள் என்கிறீர்களா?

அதற்குப் பஞ்சவர்ணம் அக்கா தனியாக ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறார்... அட்மின், சூரியகாந்தி!