நாலைந்து வேளை சாப்பிடும் மீன்

சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிட்டு எழுந்து போகிறவர் என் கணவர். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஹாலில் இருக்கும் மீன்தொட்டி முன்னால் மண்டி போட்டு, தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு கருவியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். கடல்மீன் தொட்டி அது. கடலுக்கும் மராத்தி ஊரான சாங்வியில் எங்கள் ஃபிளாட்டுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே இருக்கிறது. அதனால் என்ன, கடலைப் பாத்ரூம் வாளியில் கரைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

இரண்டு கோமாளி மீன்கள் அந்தத் தொட்டியில் அரை வருடம் உயிரோடு இருந்தன. அதை மீன்களின் பொறுமை என்று நான் நினைத்தேன். தன் திறமை என்று அவர் நினைத்தார். அடுத்தது ஆந்தியாஸ் மீன் என்று முடிவு செய்துவிட்டார். கடையில் நானும் பார்த்தேன். பொய் சொல்வானேன், ஆரஞ்சும் ரோஜா நிறமும் கலந்து, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் வளர்ப்பது கஷ்டம் என்று கடைக்காரரே சொன்னார். விற்கிறவரே வேண்டாம் என்கிற பொருள் மேல்தான் இவருக்கு ஆசை பொங்கும்.

உடனே வாங்கிவிடவில்லை, அந்த மட்டில் பாராட்ட வேண்டும். மீன் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று ஆராய ஆபீஸ் நண்பர் ஒருவரை வரவழைத்தார். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாகப் பக்கத்துக் கட்கியில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது; பேச்சில் பாதி இந்தி. பல வருடமாகக் கடல்மீன் வளர்ப்பவர். வந்ததும் தொட்டியைச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து, வீடு வாங்க வந்தவர் மாதிரி சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தார்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காகப் பாட வீடியோக்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, காலையிலிருந்து மாலை வரை வேலை. ஆனால் மேஜை வீட்டுக்குள் இருப்பதால் அது வேலை இல்லை என்பது ஊரார் முடிவு. எங்கள் கட்டிட விங்கில் யாருக்குப் பார்சல் வந்தாலும் வாட்ச்மேன் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பேன். ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருந்த வரி அறுந்து போகும்.

நான் டீயும் பாக்கர்வடியும் எடுத்து வந்தபோது விசாரணை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நண்பர்தான் பேசினார்.

"பாய், டேங்க் ஓகே. மூடி மட்டும் போட்டுடு, குதிச்சுடும். ஒரு மஜா சொல்றேன் கேளு, கும்பல்ல ஆம்பள செத்துட்டா பொம்பளைங்கள்ல ஒண்ணு ஆம்பளயா மாறிடும்."

மாறிய மறுநாளே அது காபி கேட்டு உட்கார்ந்துவிடுமா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஆனா ரொம்ப நாஸுக் மீனு, பூ மாதிரி. ஒரே தபா தீனிய கொட்டிட்டு ஆபீஸ் போய்ட்டா எளைச்சு எளைச்சே செத்துடும். பகல் பூரா கொஞ்சம் கொஞ்சமா, நாலஞ்சு வாட்டி போட்டுக்கினே இருக்கணும்."

"மெஷின் ஒண்ணு வெச்சுட்டா?"

"மெஷின்ல போடற சூகா தீனிய, காஞ்சத, மொதல்ல தொடாதுடா. ஃப்ரீஸர் எறாவ கரைச்சு கையாலதான் போடணும். பகல்ல வீட்ல யாரு இருக்காங்க?"

என் கணவர் யோசிக்கவே இல்லை. "இவ வீட்லதான இருக்கறா."

"போதும் பாய், அப்ப டென்ஷனே இல்ல."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிக்கு மூடி கிடைத்தது, மீனுக்கு ஆள் கிடைத்தது, முடிந்தது கதை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பகல் முழுவதையும் எடுத்து ஒரு மீனுக்குப் போட்டுவிட்டார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. டீயை டீப்பாயில் வைத்துவிட்டுக் குரலை ரொம்ப இனிமையாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க, வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ் போகாம லேப்டாப்போட நீங்களும் வீட்லதான இருக்கறீங்க. அன்னிக்கு நீங்க போட்டுருவீங்களா?"

"அதெப்படி முடியும்? அன்னிக்கு எனக்கு வேலை இருக்குமல்ல."

நண்பர் மெல்வதை நிறுத்திவிட்டார். அவருக்கு உடனே உறைத்துவிட்டது. "பாபி, நான் அந்த அர்த்தத்துல..." என்று அண்ணி முறை வைத்து ஆரம்பித்து, முடிக்க வழி தெரியாமல் டீயை எடுத்துக்கொண்டார். என் கணவருக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழக் கொஞ்ச நேரம் பிடித்தது. விழுந்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"இந்த மீனு நம்ம வீட்டுக்கு ஒத்து வராதுங்க," என்றேன். "பகல்ல இங்க சும்மா இருக்கறவங்க யாரும் இல்லை."

மீன் வரவில்லை. ஏன் வாங்கவில்லை என்று யார் கேட்டாலும் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு வருகிற டேங்கர் தண்ணீர் அதற்குச் சரிப்படாது என்று விளக்கமாகச் சொல்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். என் மனைவிக்கு வேலை இருக்கிறது என்று சொல்ல மட்டும் அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.