பென்சிலை வைத்துவிட்டு மௌஸைப் பிடித்தோம்

திருமணமான ஆறாவது மாதம், அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்ற ஆசை என் கணவருக்கு வந்தது. சூலூருக்குப் பக்கத்தில் பம்ப்செட் செய்யும் பட்டறை ஒன்றில் இன்ஜினீயராக இருந்தார். அதற்கு எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்கான புத்தகமும் கேசட்டுகளும் வாங்கிக்கொண்டு தினமும் விடிந்ததும் உட்கார்ந்துவிடுவார். கேசட்டைப் போடுவதும் விடைகளைத் திருத்துவதும் என் வேலை. நானும் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள்தான். ஆனால் நானும் அந்தத் தேர்வை எழுதலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

தெரிந்ததையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, சந்தேகமானவற்றுக்குப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வார். கடைசியில் திரும்பி வந்து ஒவ்வொரு புள்ளியாகத் தீர்ப்பார். அதில் அவருக்கு அபார நம்பிக்கை.

ஒருநாள் விவரம் கேட்க இருவரும் காந்திபுரம் போனோம். அங்கே இந்தத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் சொன்னார்: "இனிமே பேப்பர் கெடையாதுங்க, கம்ப்யூட்டர்தான். கேக்கற பகுதியிலயும் இலக்கணத்துலயும் ஒருக்கா பதில் சொல்லிப்போட்டா திரும்பி வர முடியாதுங்க. கட்டுரையும் கட்டாயம் எழுதோணும்."

வீட்டுக்கு வந்ததும் கணவர், "திரும்பி வர முடியாதுன்னா நான் எப்படி அம்மணி எழுதறது?" என்றார்.

மறுநாள் சாப்பாட்டின்போது, "ரசமா, மோரா?" என்று கேட்டேன்.

"இரு, யோசிச்சு..."

"யோசிக்கற நேரம் முடிஞ்சுதுங்க" என்று ரசத்தை ஊற்றிவிட்டேன். மாமியாருக்கு இது பிடித்துப்போனது. "தோசையா, உப்புமாவா? ஒண்ணு, ரெண்டு..." என்று அவரும் மகனை விரட்ட ஆரம்பித்தார். ஒரு வாரம் வீட்டில் ஒரே சிரிப்பு. வேண்டாத உப்புமாவை இரண்டு முறை சாப்பிட்ட பிறகு சட்டென்று பதில் சொல்லப் பழகிவிட்டார்.

மௌஸ் பிடித்துப் பழக, காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குச் சேர்ந்தே போனோம். கட்டுரையைக் கையாலும் எழுதலாம்தான்; ஆனால் அவர் கையெழுத்தை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். எப்படி என்று காட்ட நான் உட்கார்ந்தேன். கல்லூரிக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். ஒரு பக்கத்தை மளமளவென்று அடித்து முடித்து நிமிர்ந்தபோது சென்டர்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்களும் பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க, சும்மா கூட வந்தேன்."

கணவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் குடுக்கலை?" என்று கேட்டார். அடுத்த வாரமே இருவர் பெயரையும் கொடுத்தார்.

சென்னையில் ஒரே நாளில் எழுதினோம். முடிந்த கையோடு திரையிலேயே உத்தேச மதிப்பெண் வந்தது. வெளியே வந்ததும் அவர் தன்னுடையதைச் சொன்னார்; என்னுடையது அதைவிடக் கூடுதல்! தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவரோ நடுரோட்டில் நின்று, "என்னையே தோக்கடிச்சுப்போட்டியே அம்மணி!" என்று கத்திச் சிரித்தார். பிறகு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து அம்மாவுக்குப் போன் போட்டார்.

"உங்க மருமக என்னைய ஜெயிச்சுட்டாம்மா."

"நல்லதாப் போச்சு. நான் பேசோணும், போனை அவகிட்டக் குடு கண்ணு."

அடுத்த வருடம் ஒரே பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. விமானத்தில் ஜன்னலோர இருக்கையை அவர் எனக்குக் கொடுத்தார்.