பற்றரியைச் சரிசெய்யப் போய்…

என் கணவர் குருநகரிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். என் போனில் நாற்பது வீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டும். அடுத்த நிமிடமே போன் நின்றுவிடும். சார்ஜை முழுதாக இறக்கி, சில மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்றினால் பற்றரியின் கணக்குச் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அவர் தொழிலுக்குப் போன ஒரு நாள் காலையில் அப்படியே செய்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

மத்தியானம் கணவரின் அண்ணன் ஓடிவந்தார்.

"பிள்ளை, உன்ரை போனுக்கு என்ன? தம்பியின்ரை இஞ்சின் நிண்டு போட் நீரோட்டத்திலை இழுபடுகுதாம். உனக்கு அடிச்சுக் களைச்சுத்தான் எனக்கு எடுத்தவன். கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே அவன்ரை போனும் செத்துப்போச்சு."

அண்ணன் தன் படகில் தேடிப் போனார். நான் மாதாவை மன்றாடிக்கொண்டு கரையில் நின்றேன். பொழுது சாயும் நேரம் இரண்டு படகுகளும் வந்து சேர்ந்தன.

கணவர் ஏசவில்லை. "நீ எடுப்பாய் எண்டுதானே திரும்பத் திரும்ப அடிச்சனான்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கடையில் கொடுத்துப் புதுப் பற்றரி போட்டிருக்கிறேன். அவர் கடலில் இருக்கும்வரை போனை எதற்காகவும் அணைப்பதில்லை. ஆனாலும் கடலில் ஏதாவதென்றால் அவர் முதலில் அண்ணனுக்குத்தான் போன் எடுக்கிறார். அதுதான் சரி என்று தெரிந்தும் என் மனம் ஆறவில்லை.

— ஒரு வாசகி, குருநகர்