வயிற்றுவலிக்காரருக்கு வந்த நெஞ்சுவலி

என் அக்கா வீட்டுக்காரருக்கு உத்தியோகமே வயிற்றுவலிதான். மருத்துவக் கல்லூரித் தேர்வில் நோயாளியாக நடிப்பார். அவர் கட்டிலில் படுத்திருக்க, மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, யோசித்து, நோய் இன்னதென்று சொல்ல வேண்டும். மூலையில் உட்கார்ந்து பேராசிரியர் மதிப்பெண் போடுவார்.

பல வருஷமாக அத்தானுக்கு ஒரே நோய், குடல்வால் வீக்கம். அதில் அவருக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. சொல்லிக் கொடுத்த பதிலில் ஒரு வார்த்தை கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை என்பாள் அக்கா. கல்லூரி முழுக்க விஷயம் தெரியும். மாணவர்கள் கதவைத் திறக்கும்போதே குடல்வால் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் நாடி பிடிப்பார்கள்.

அன்று தேர்வு நடக்கும்போது அத்தானுக்கு நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. வந்த மாணவர்களெல்லாம் குடல்வால் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இன்னைக்குப் பிரமாதம்" என்றார் பேராசிரியர். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சும் தாங்கவில்லை.

அடுத்து கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள்.

"எங்க வலிக்குது?"

"அடிவயிறும்மா, வலது பக்கம்." இடது மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கைக்குப் பரவுதா?"

"இல்லம்மா." இடது கை மரத்துப் போயிருந்தது.

"நெஞ்சு அடைக்குதா?"

இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. சொல்லிக் கொடுக்காததைக் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. "தெரியலம்மா."

அவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், இவர் வாய் வயிறுங்குது, கை நெஞ்சுங்குது. நான் கையைத்தான் நம்புறேன். இது மாரடைப்பு."

"யோசிச்சுச் சொல்லும்மா. இல்லேன்னா பூஜ்யம்."

"பூஜ்யமே போடுங்க சார். போட்டுட்டு ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் பிடிங்க."

பேராசிரியர் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுத்தான் பிடித்தார்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். அக்கா அழுதுகொண்டே கத்தினாள்: "உயிர் போற நேரத்துல வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"தேர்வு நடந்துட்டிருந்ததுடி" என்றார்.

பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. அறையில் இருந்தது குடல்வால் நோயாளி, ஆகவே விடை தவறு என்றது கல்லூரி. அந்தப் பெண் ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். நோயாளியாக நடித்தவரே வந்து, தான் சரியாக நடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் மட்டும் அவளுக்கு மறுதேர்வு கிடைக்கும். அப்படி ஒப்புக்கொள்பவருக்கு அங்கே மறுபடி வேலை கிடையாது.

முதல்வர் அறைக்கு அத்தானை நான்தான் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். உள்ளே போனதும் என் கையை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"அன்னைக்கு எனக்கு வயிற்றுவலியே வரல சார். நான் சொதப்பிட்டேன்."

நெஞ்சு வெடித்தபோதுகூடச் சொல்லாத மனுஷர் அதைச் சொன்னதும், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.